‘கையால எழுதினது’ன்னு ஃபாண்ட்டை விற்கிறாங்க, பார்த்துக்கோங்க

தக்கலைப் பக்கம் வீட்டிலேயே முந்திரிக்கொத்து செய்து விற்கிறேன் (வெளியூர்க்காரர்களுக்கு: இதில் முந்திரி கிடையாது, சிறுபயறும் கருப்பட்டியும்தான்). பாக்கெட்டுக்கு ஸ்டிக்கரும் வாசலுக்கு ஒரு போர்டும் வேண்டும் என்று நாகர்கோவிலில் டிசைன் செய்கிற ஒரு பையனைப் பிடித்தேன். முன்பெல்லாம் பெயிண்டர்கள் சுவரில் பிரஷ்ஷால் எழுதுவார்களே, அந்த மாதிரி எழுத்து வேண்டும் என்றேன். “நானே கையால எழுதித் தாறேன் அக்கா” என்றான். 4,500 ரூபாய், முழுதும் முன்பணமாக. கொடுத்தது என் புத்தி.

வந்தது அழகாகத்தான் இருந்தது. ஸ்டிக்கர் 1000 அடித்த பிறகு என் மகள்தான் காட்டினாள்: ‘முந்திரிக்கொத்து’ என்பதில் அடுத்தடுத்து வருகிற இரண்டு ‘க’விலும் மை காய்ந்து விழுந்த வெள்ளைக் கீற்று ஒரே இடத்தில், ஒரே நீளத்தில். கையால் எழுதினால் ஒரு ‘க’ மாதிரி இன்னொன்று வராது. நன்றாக ஃபாண்ட் (கம்ப்யூட்டரில் தட்டினால் வருகிற ரெடிமேட் எழுத்து) செய்கிறவர்கள் இதற்காகவே ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைப்பதுண்டு, இதில் அதுவும் இல்லை. கேட்டதற்கு, “ஃபாண்ட்தான் அக்கா, ஆனா நான் செஞ்சது” என்று ஃபைலையே அனுப்பிவிட்டான். அந்த ஃபைலில் ரைட் கிளிக் செய்து விவரத்தைப் பார்த்தால் காப்புரிமை வேறு யாரோ பெயரில், கூடவே சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ஒரு வரி! அப்படியென்றால் விற்கிற பாக்கெட்டில் அதைப் போட எனக்கு உரிமையே இல்லை. இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக இருக்கிற யூனிகோடு முறையும் இல்லை, ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த பழைய வகை, வாட்ஸ்அப்பில் இருந்து தமிழை எடுத்து ஒட்டினால் பிரஷ் எழுத்தே வராது.

இதைவிடக் கொடுமை, சேர்மானம், எடை, தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண் எல்லாவற்றையும் அதே ஃபாண்ட்டில் பொடியாகப் போட்டு வைத்திருந்தான். பிரஷ் எழுத்து பெயருக்கும் போர்டுக்கும் பெரிதாக நின்றால்தான் எடுக்கும். பொடியானால் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு ‘ண’ எது ‘ன’ எது என்றே தெரியாது. தேதி படிக்க முடியவில்லை என்று மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் 40 பாக்கெட்டைத் திருப்பிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

போர்டு கதை தனி. அவன் தந்தது வெறும் ஜேபெக், அதாவது போட்டோ மாதிரி ஒரு படம். வினைல் கட்டிங் கடையில் (ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டை எழுத்தாக மெஷினில் வெட்டுகிற கடை) சிடிஆர், அதாவது கோரல்டிரா ஃபைல் கேட்டார்கள், இல்லை என்றதும் படத்தின் ஓரத்தை கம்ப்யூட்டரில் கோடாக டிரேஸ் செய்து வெட்டிப் பார்த்தார்கள். பிரஷ்ஷின் சொரசொர ஓரம் ஆயிரக்கணக்கான புள்ளியாக மாறி, பிளேடு இழுத்து, பொடித் துண்டெல்லாம் பிய்ந்து வந்தது.

அதனால் யாராவது கையால் எழுதித் தருகிறேன் என்றால், எழுதுகிற வீடியோவையோ தாளையோ பாருங்கள், திரும்ப வருகிற எழுத்துகளை ஒப்பிடுங்கள், எழுத்தை ‘கர்வ்’ (வெட்டுகிற மெஷினுக்கு ஏற்ற கோடு) ஆக மாற்றிய ஃபைல் கையில் வந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். ஃபாண்ட்டே போதும் என்றால் அதை நேராகச் சொல்லி வாங்கலாம், அதில் தப்பில்லை. கவிவனார் என்ற ஃபாண்ட் மாதிரி கையெழுத்துச் சாயலில் இலவசமாக, வியாபாரத்துக்கும் பயன்படுத்த அனுமதியோடு கிடைக்கிறதே.

இப்போது அவன் போனை எடுப்பதில்லை. கடைசியில் போர்டை எழுதித் தந்தவர் எழுபது வயது பெயிண்டர் ஒருவர். இரண்டு ‘க’வும் இரண்டு விதமாக இருக்கிறது.