மின்வேதியியல் சோதனைப் பெட்டி: பொருள்கள் அருமை, கையேடு சரியில்லை

மகளுக்கு மின்வேதியியல் பாடம் ஆரம்பித்ததும் இந்தப் பெட்டியை வாங்கினேன். துத்தநாகம், தாமிரம், மக்னீசியம், அலுமினியம் என்று உலோகத் தகடுகள், 1 மோலார் செறிவில் (லிட்டருக்கு ஒரு மோல்) கரைசல்கள், பொட்டாசியம் நைட்ரேட்டில் நனைத்து உப்புப் பாலமாக, அதாவது இரண்டு கரைசல்களையும் இணைக்கும் பாதையாக, வைக்க வடிதாள் துண்டுகள், ஒரு சின்ன மல்டிமீட்டர். தகடுகள் நல்ல கனம். துத்தநாகத்தை இருபது தடவைக்கு மேல் பயன்படுத்திவிட்டோம், ஓரம்தான் கொஞ்சம் அரித்திருக்கிறது.

முதலில் டேனியல் கலம், அதாவது துத்தநாகமும் தாமிரமும் சேர்ந்த மின்கலம். அட்டவணையில் மின்முனை அழுத்தம் தாமிரத்துக்கு +0.34, துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஆக 1.10 வோல்ட் வர வேண்டும். மீட்டரில் 1.08 வந்தது. வடிதாளைத் தூக்கியதும் எண் சட்டென்று விழுந்தது. திரும்ப வைத்ததும் ஏறியது. உப்புப் பாலம் எதற்கு என்று அதற்கப்புறம் மகள் என்னிடம் கேட்கவே இல்லை.

என் மனக்குறை கையேட்டில்தான். மக்னீசியம்–தாமிரக் கலத்துக்கு "2.71 வோல்ட் கிடைக்கும்" என்று அடித்துச் சொல்கிறது. எங்களுக்கு 1.8-தான் வந்தது. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்து, பாவம், பிள்ளை மூன்று தடவை தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தப்பு அவளுடையது இல்லை. மக்னீசியத்தின் மேல் படலம் படிந்துகொண்டே இருக்கும், கரைசலில் உள்ள தண்ணீரோடும் அது வினைபுரியும். அட்டவணை மதிப்பு அப்படியே மீட்டரில் வராது. இதை ஒரு வரியில் எழுதியிருக்கலாமே!

அலுமினியமும் அப்படித்தான். −1.66 என்பதால் காப்பர் சல்பேட்டில் போட்டதும் தாமிரம் படிய வேண்டும் என்கிறது கையேடு. அரை மணி நேரம் பார்த்தோம், தகடு பளபளவென்று அப்படியே கிடந்தது. ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டேன். உப்பிலுள்ள குளோரைடு, அலுமினியத்தை மூடியிருக்கும் ஆக்சைடு படலத்தை ஆங்காங்கே துளைக்க, சில நிமிடங்களில் குமிழ்கள் கிளம்பின, செம்பழுப்புத் துகள் பொசுபொசுவென்று ஒட்டியது, குவளையும் சூடானது. பெட்டியிலேயே சிறந்த சோதனை இதுதான், கையேட்டில் இல்லை!

கடைசிப் பக்கத்தில் ஒரு பிழை: லித்தியம் −3.04 என்பதால் தண்ணீரோடு மிக மூர்க்கமாக வினைபுரியுமாம். உண்மையில் −2.71 உள்ள சோடியம்தான் உருகி உருண்டையாகி ஓடும். லித்தியம் நிதானமாகக் குமிழிடும். மின்முனை அழுத்தம் ஆற்றலைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது.

சில்வர் நைட்ரேட் கொடுத்தவர்கள் கையுறை வைக்கவில்லை. தோலில் பட்டால் கருப்பாகிவிடும், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தாமிரக் கம்பியில் வெள்ளி ஊசிகள் முளைப்பதைப் பார்க்கவாவது அந்தப் புட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

கையேட்டில் 2.71 என்ற இடத்துக்குப் பக்கத்தில் மகள் இப்போது பென்சிலால் 1.8 என்று எழுதி, காரணத்தையும் குறித்து வைத்திருக்கிறாள்.