தேய்ந்த பைக் பிரேக் டிஸ்க்: கடைசல் பிடிக்கலாமா, புதுசு மாட்டலாமா?

மியான்மரின் மோல்மேனில் ஆண்டுக்கு 4,800 மி.மீ. அளவுக்கு மழை கொட்டுகிறது. செம்மண் சேறு பைக்கின் பிரேக் டிஸ்க்குக்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் போல அராவிவிடும். மழை விட்டதும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இருக்கிற டிஸ்க்கையே லேத்தில் கடைசல் பிடிக்கலாமா, மலிவான புது டிஸ்க் போதுமா, ஒரிஜினல்தான் வாங்க வேண்டுமா?

முதலில் அளந்து பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியரை நம்ப வேண்டாம். தேயாத ஓர விளிம்பில் அதன் தாடை உட்கார்ந்துகொண்டு, 2.9 மி.மீ. இருக்கும் டிஸ்க்கை 3.3 என்று காட்டிவிடும். மைக்ரோமீட்டரைப் பேட் உரசும் பாதையில் வைத்து, டிஸ்க்கைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் அளந்து, அதில் குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள். துளை ஓரத்தில் விரிசல் தெரிந்தால் அளக்கவே தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

கடைசலுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சின்ன பைக்குகளில் புது டிஸ்க்குக்கும் கழிக்க வேண்டிய டிஸ்க்குக்கும் நடுவே பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. 3.2 மீதமிருக்கும் டிஸ்க்கில் பக்கத்துக்கு 0.1 சீவினால் 3.0. குறைந்தபட்சத் தடிமன் 3.0 என்றால் கூலி கொடுத்து டிஸ்க்கின் ஆயுளை முடித்துக்கொள்கிறோம். மெல்லிய தகடு என்பதால் வெட்டும்போது அதிரும், துளைகளில் உளி தட்டும், பரப்பு சமமாக வராது. மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறவும் செய்யும்.

மலிவான டிஸ்க் எல்லாமே மோசமில்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு நல்லதாகப் பார்த்து வாங்கினால் போதும். ஆனால் குறைந்தபட்ச அளவு பொறிக்காததைத் தொடாதீர்கள். மாட்டியதும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஹோண்டாவின் பல பைக்குகளுக்கு 0.3 மி.மீ. வரைதான் எல்லை, சில கம்பெனிகள் இன்னும் குறைவாகவே விடுகின்றன. ஆட்டம் தெரிந்தால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்லிவிடாமல், கழற்றி ஹப் முகத்தில் (சக்கர நடுவில் டிஸ்க் உட்காரும் இடம்) உள்ள துருவைச் சுரண்டிவிட்டு மறுபடி அளங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துருவே நல்ல டிஸ்க்கையும் கோணலாகக் காட்டும்.

காக்கரேக்கிலிருந்து தாவ்னா மலை ஏறி தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவதிக்குப் போய்வருபவர், அதுவும் பின்னால் ஆளையோ சரக்கையோ ஏற்றுபவர் என்றால் ஒரிஜினல்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் விடாமல் வேலை செய்யும்போது டிஸ்க் எவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்பதே முக்கியம். பழைய டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் அது அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டிக்கு விலை பார்த்து வாங்காதீர்கள்.

எதை மாட்டினாலும் பேடையும் சேர்த்து மாற்றுங்கள். பள்ளம் விழுந்த பழைய பேட் புது டிஸ்க்கில் முழுசாகப் படியாது. போல்ட்டும் புதுசாக இருக்கட்டும், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். அப்புறம் முதல் சில நாள் திடீர் பிரேக் போடாமல், மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டிப் படியவிடுங்கள்.