பழைய பிக்கப்பில் மிஸ்ஸிங்: ஸ்கேனரா, இடமாற்றமா, கம்ப்ரெஷனா, லீக்-டவுனா?

பழைய பெட்ரோல் பிக்கப்பில் மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் திணறுவது) வந்ததும் பலர் செய்வது பிளக், வயர், கேப், ரோட்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது. சில நேரம் சரியாகிவிடும். ஆகாவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகிறது: பணம் போனதோடு, பழைய பிளக் வைத்திருந்த தடயமும் குப்பைக்குப் போய்விடும். ஆகவே முதலில் சோதனை. எந்தச் சோதனை என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு கேள்வி உண்டு. தவறான கேள்வியைக் கேட்டால் சரியான கருவியும் உதவாது.

தேர்வை எளிதாக்குவது, மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்ற கவனிப்பு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். எனவே ஐடிலில் நன்றாக ஓடி, மேடேறும்போதோ பாரம் ஏற்றி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ திணறினால், சந்தேகம் முதலில் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்), பிளக், வயர் மீதும், அடுத்து எரிபொருள் அழுத்தத்தின் மீதும். மாறாக ஐடிலில் குலுங்கி, 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் சீராகிவிட்டால் வேக்குவம் லீக் (இன்டேக்கில் வெளிக்காற்று நுழையும் கசிவு), கசியும் வால்வு, இடைவெளி குறைந்துபோன டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) ஆகியவற்றைப் பாருங்கள். வேகம் கூடும்போது கசிவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவதால்தான் அந்த மிஸ் மறைகிறது.

ஸ்கேனரும் கைச் சோதனையும்

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓபிடி-2 (வண்டியே தன் கோளாறைக் கோடாகப் பதிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் வசதி) கட்டாயமானது. அந்த வசதி உள்ள வண்டியில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர். பி0300 என்றால் எந்த ஒன்றையும் குறிப்பிட முடியாத, மாறி மாறி வரும் மிஸ்ஃபயர். கோட் இவ்வளவுதான் சொல்லும்: எங்கே என்று. ஏன் என்று சொல்லாது. கோடைப் பார்த்துக் காயில் வாங்குவதை நாங்கள் ஏற்பதில்லை.

ஸ்கேனரின் உண்மையான பலம் ஃப்யூயல் ட்ரிம் எண்களில், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதில், இருக்கிறது. ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கினால் வேக்குவம் லீக். பாரம் கூடும்போது ட்ரிம்மும் ஏறினால் பம்ப் அல்லது ஃபில்டர். இதில் ஒரு பொறி உண்டு. தீப்பொறியே வராத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் வெளியேறும். அதைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். ட்ரிம் ஏறியிருப்பதை மட்டும் வைத்துப் பெட்ரோல் பக்கம் ஓடக்கூடாது.

ஸ்கேனர் போட முடியாத வண்டியில் அதே பதிலைச் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தே பெறலாம். எதை நிறுத்தியும் ஆர்பிஎம் விழவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். போக வழியில்லாத வோல்டேஜ் காயிலையும் இக்னிஷன் மாட்யூலையும் கெடுக்கும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கி உருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியானால் வயரை முறையாக எர்த் செய்த பிறகே சோதியுங்கள். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கன்வர்ட்டருக்குச் சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வண்டியை ஓட்டிச் சோதிக்க அது நேரமில்லை.

இடமாற்றம்

தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில் இதைவிட மலிவான, நம்பகமான சோதனை இல்லை. மூன்றாவது மிஸ் ஆகிறதா? அதன் காயிலை ஒன்றாவதுக்கும், பிளக்கை இரண்டாவதுக்கும் மாற்றுங்கள். கோட் பி0301 ஆனால் காயில்; பி0302 ஆனால் பிளக்; மூன்றிலேயே நின்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). இரண்டையும் ஒரே சிலிண்டருக்கு மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ஒரே காயிலின் மின்சாரத்தைக் கேப், ரோட்டர் வழியாகப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் இந்த முறை பாதிதான் பலிக்கும். காயில் ஒன்றே என்பதால் அது பலவீனமானால் எல்லாச் சிலிண்டரும் திணறும். வயர்களின் நீளமும் வேறுவேறு. அங்கே இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மீதும் கேப் மீதும் லேசாகத் தண்ணீர் தூவிப் பார்ப்பது மேல். மின்சாரம் ஒழுகும் இடத்தில் நீலப்பொறி தெரியும். இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற அமைப்பில், ஜோடியான 1, 4 இரண்டும் சேர்ந்து மிஸ் ஆனால் காயில் மீது சந்தேகம் வலுக்கிறது.

பழைய ஜிஎம் வி8 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்தும் எரிபவை. அவற்றின் வயர்கள் ஒட்டிக்கொண்டு ஓடினால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றில் தூண்டப்பட்டு, ஏழாவது முன்கூட்டியே எரியக்கூடும். புது வயர் போட்டும் தீராத மிஸ்ஸிங்குக்கு, இரண்டையும் பிரித்து வைப்பதே சில நேரம் மருந்து.

கம்ப்ரெஷனும் லீக்-டவுனும்

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை.

கம்ப்ரெஷன் சோதனைக்கு எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ரிலேயையும் காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, எல்லாப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு முறை கேஜ் துள்ளும்வரை செல்ஃப் அடியுங்கள். த்ராட்டிலை மூடியே வைத்தால் காற்று போதாமல் எல்லாமே தாழ்வாகக் காட்டும். எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம்: மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அதிகம் 160 பிஎஸ்ஐ என்றால் 120-க்குக் கீழே உள்ளது நோயாளி.

முதல் துள்ளலையும் பாருங்கள். தாழ்வாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். தாழ்வாகத் தொடங்கி அங்கேயே நின்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும். தாழ்ந்த சிலிண்டரில் சுமார் 10 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ரிங் என்றால் எண் ஏறும், வால்வு என்றால் ஏறாது. ஆனால் வி வடிவ எஞ்சினில் சாய்ந்த சிலிண்டரின் ஒரு பக்கமே ஆயில் தேங்குவதால் இதை முழுதாக நம்ப முடியாது. அதிகமாக ஊற்றினாலும் இடம் சுருங்கி எண் பொய்யாக ஏறும்.

லீக்-டவுன் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறோம். 10-க்குள் நல்லது, 20 தாண்டினால் காது வைத்துக் கேளுங்கள். த்ராட்டில் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, சைலென்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். கம்ப்ரசர் வேண்டும், நேரம் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும்: 100 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனை அந்தக் காற்று அரை டன்னுக்கு மேல் அழுத்தும். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் கிராங்க் திடீரெனச் சுழலும். புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டு மறந்தால் கை போய்விடும்.

லீக்-டவுனுக்குத் தெரியாத ஒன்று உண்டு: வால்வுகளைத் திறக்கும் கேம் தேய்ந்திருப்பது. வால்வுகள் மூடியிருக்கும்போது மட்டும் சோதிப்பதால், வால்வு சரியாகத் திறக்காத சிலிண்டரும் அதில் தேறிவிடும். ஆகவே பழைய பிக்கப்பில் எங்கள் முடிவு இது: பிளக் எப்படியும் கழலப்போகிறதென்றால் அன்றே கம்ப்ரெஷன் எடுத்துவிடுங்கள், எண் தாழ்ந்த சிலிண்டருக்கு மட்டும் லீக்-டவுன். கம்ப்ரெஷன் தாழ்ந்தும் லீக்-டவுன் நன்றாக வந்தால் வால்வு கவரைத் திறந்து, எஞ்சினைச் சுற்றி, வால்வை அமுக்கும் ராக்கர்களில் எது மற்றவற்றைவிடக் குறைவாக எழும்புகிறது என்று பாருங்கள்.

ஹெட்டைக் கழற்றும் முன் டேப்பெட் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். டொயோட்டா 22ஆர்-இ போன்ற எஞ்சினில் சூடான நிலையில் இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இருக்க வேண்டும். அது குறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாது. எரிந்துபோன வால்வு போலவே கேஜில் தெரியும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து, மறுபடி கம்ப்ரெஷன் எடுங்கள். எண் ஏறிவிட்டால் ஹெட் அப்படியே இருக்கட்டும்.