நடைக்கும் ஓட்டத்துக்கும் எது ஒத்துவரும்: சினிமாப் பாட்டா, ஒரே வேக இசையா, மெட்ரோனோமா?

உடற்பயிற்சிக்குப் பாட்டு எடுக்கும்போது கேட்டதும் சூடு பிடிக்கிறதா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். நான் முதலில் காலைப் பார்க்கச் சொல்வேன். 15 வினாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். சுமாரான நடைக்கு நிமிடத்துக்கு 100 அடி, விறுவிறு நடைக்கு 120 முதல் 130, ஓட்டத்துக்கு 160 முதல் 180 வரை வரும். பாட்டின் தட்டும் அந்தக் கணக்கில் விழுந்தால்தான் கால் அதைப் பிடித்துக்கொள்ளும்.

சினிமாப் பாட்டின் பெரிய பலம் நம் குத்துத் தாளம். அதில் திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளப்போக்கு, அதிகம். தகிட, தகிட என்று ஓடும்போது ஒரு தகிடவுக்கு இடது கால், அடுத்ததற்கு வலது கால். பறையடி கேட்டதும் கால் சும்மா இருக்க மறுப்பது இதனால்தான் என்பது என் எண்ணம். மெட்டு எவ்வளவு பிடித்திருந்தாலும் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்டசாபுவில் அமைந்த பாட்டை மட்டும் நடைக்கு வைக்காதீர்கள். தட்டு இரண்டும் மூன்றுமாக விழுவதால் ஒரு அடி குட்டையாகவும் அடுத்தது நெட்டையாகவும் போய் நடை நொண்டும்.

சினிமாப் பாட்டின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பல்லவி முடிந்ததும் இடையிசையில் தாளம் நின்று புல்லாங்குழல் மட்டும் வரும். வீட்டில் கேட்க அது சொர்க்கம். நடக்கும்போது அந்த இருபது வினாடியில் பிடித்துவைத்த வேகம் கைவிட்டுப் போகும். நிமிடத்துக்கு 96 தட்டு விழும் பாட்டுக்கு அடுத்து 140 தட்டுப் பாட்டு வந்தாலும் இதே தொல்லை. பட்டியலை வேகவாரியாக அடுக்கத்தான் வேண்டும். அடுக்கும்போது 85 தட்டுப் பாட்டைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் 170. ஓட்டத்துக்கு அருமையாகப் பொருந்தும்.

ஒரே வேகத்தில் விடாமல் ஓடும் நடன இசையில் இந்த வம்பே இல்லை. அதில் ஹவுஸ் என்னும் வகை பெரும்பாலும் 120 முதல் 130 தட்டு. டிரெட்மில்லுக்கும் உடற்பயிற்சி சைக்கிளுக்கும் என் ஓட்டு இதற்கே. விளையாட்டில் இசையின் பங்கை நெடுங்காலம் ஆராய்ந்த காஸ்டாஸ் காராஜார்கிஸ் 120 முதல் 140 தட்டுவரையே பலன் அதிகம் என்கிறார். சலிப்பு வந்தால் வேறு பாட்டு தேட வேண்டியதில்லை, இருப்பதையே கொஞ்சம் வேகப்படுத்தலாம். லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் 12 மாணவர்களை வைத்துச் செய்த, 2010இல் வெளியான ஆய்வில் பாட்டை 10 சதவீதம் வேகமாக்கியதும் அவர்கள் சைக்கிளை இன்னும் அதிக தூரம் மிதித்தார்கள். சிரமம் கொஞ்சம் கூடியதாகச் சொன்னவர்களே பாட்டு முன்பைவிடப் பிடித்திருந்ததாகவும் சொன்னார்கள்.

வைத்த வேகத்தில் சீராகத் தட்டு கொடுக்கும் கருவியான மெட்ரோனோம் கறார் பேர்வழி. 'டிக் டிக்' என்பதைத் தவிர வேறொன்றும் தராது, பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஆனால் காலை நெடுக நீட்டிவைத்து ஓடி முழங்கால் வலி வாங்கிக்கொண்டவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. அதே வேகத்தில் அடி எண்ணிக்கையை மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைகிறது. 160 அடி வைப்பவர் 168க்கு வைத்துப் பழகட்டும். பழகியபின் அதே தட்டில் பாட்டுக்கு மாறிவிடலாம்.

எடை தூக்குபவர்களுக்குத் தட்டுக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை, பிடித்த பாட்டே போதும். சாலையில் நடப்பவர்கள் எதைக் கேட்டாலும் ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

என் அம்மா நிமிடத்துக்கு 104 அடி வைப்பவர். குத்துப்பாட்டு அவருக்குப் பிடிக்காது, நடன இசை காதுக்கே ஆகாது. கும்மிப் பாட்டுகளில் அவர் நடைக்கு ஒத்த ஏழைப் பொறுக்கிக் கொடுத்தேன். கும்மியே கைதட்டி வட்டமாக அடிவைப்பதுதானே! முன்பு கால் மணி நேரத்தில் திரும்பிவிடுபவர், இப்போது ஏழும் முடிந்தபிறகுதான் வீட்டுக்கு வருகிறார். அடுத்த மாதம் அதே பாட்டுகளை 108க்கு ஏற்றித் தரப்போகிறேன்.