புதிதாக வந்த காக்டெயில் கிளி: உடனே கையில் எடுப்பதா, தள்ளியிருந்து பழக்குவதா?

வேறொரு வீட்டில் வளர்ந்து, அங்கே தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாத காரணத்தால் நம் வீட்டுக்கு வந்து சேரும் வயதுவந்த காக்டெயில் என்னும் சிறு கொண்டைக்கிளியைப் பற்றியது இந்த அலசல். நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கு இதில் இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம் என்பதால், அப்படியொரு கிளி கைக்கு வந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட காக்டெயிலோ நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அவ்வளவு நீண்ட உறவின் முதல் சில வாரங்களை எப்படி நடத்துவது என்பதில்தான் வளர்ப்பவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதல் தரப்பினர், பறவை வந்த அன்றே அதைக் கையிலோ துண்டிலோ பிடித்து, திமிறல் அடங்கும்வரை வைத்திருக்கச் சொல்வார்கள். ஊசிக்குழாயால் கஞ்சி ஊட்டி வளர்க்கப்பட்ட இளங்குஞ்சு மனிதக் கையை உணவு தரும் கையாகவே அறிந்திருப்பதால், அதை எடுத்துக் கொஞ்சுவதில் பெரிய தீங்கு இல்லை. பறவைக்கடைகளில் இந்த அறிவுரை இவ்வளவு செல்வாக்குடன் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அங்கே பெரும்பாலும் கைமாறுவது குஞ்சுகள்தானே. ஆனால் புது வீடு, புது முகங்கள், புது ஓசைகள் ஆகியவற்றால் ஏற்கெனவே மிரண்டிருக்கும் வயதுவந்த பறவைக்கு, தன்னைப் பற்றிப் பிடிக்கும் கை கொன்றுண்ணியின் கையாகவே தோன்றும். பறவைகளுக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அவை மூச்சுவிட முடியும் என்பதால், மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடும். திமிறல் அடங்கியதை ‘பழகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த முறையின் அடிப்படைப் பிழை. தப்ப வழியில்லை என்று தெரிந்த விலங்கும் அசையாமல்தான் இருக்கும்.

இரண்டாம் தரப்பினர் தள்ளியிருந்து பழக்கச் சொல்கிறார்கள். கூண்டின் அருகே அமர்ந்து மெல்லிய குரலில் பேசுவது, கம்பிக்கு வெளியிலிருந்து தினைக்கதிரை நீட்டுவது, அதைப் பயமின்றிக் கொத்தத் தொடங்கிய பிறகு திறந்த கதவு வழியே நீட்டுவது, பின்னர் கதிரைப் பிடித்திருக்கும் விரலின் மீது ஏறினால்தான் எட்டும்படி வைப்பது என்று படிப்படியாக இது நகரும். ஒவ்வொரு படியிலும் அடுத்ததற்குப் போகலாமா என்பதைப் பறவையின் கொண்டையே சொல்லிவிடும். கொண்டை விறைத்து நிமிர்ந்தால் அது திடுக்கிட்டிருக்கிறது என்று பொருள். தலையோடு ஒட்டப் படிந்து, கூடவே சீறலும் கேட்டால், நீட்டிய கையைப் பின்வாங்க வேண்டும். ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு அலகை மெல்ல அரைக்கும் பறவையோ நம் அருகில் நிம்மதியாக இருக்கிறது.

என் முடிவு இரண்டாம் முறைக்கே சாதகமானது. ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் செய்யும் கெடுதலும் குறைவில்லை. தொந்தரவு செய்யக்கூடாது என்று கூண்டைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கூட்டமாக வாழும் இனத்துக்குத் தனிமையே ஒரு தண்டனை. மறுபுறம், கூடத்தின் நடுவே, நாலா பக்கமும் ஆள் நடமாடும் இடத்தில் கூண்டை வைத்தால் பறவைக்கு ஒதுங்க மூலையே இருக்காது. குடும்பத்தார் புழங்கும் அறையில், ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டி, நம் கண்மட்டத்துக்கு ஏறக்குறைய அமைப்பதே இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வழி. கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணியும் அந்த அறைக்கு வேண்டாம். அளவுக்கு மீறிக் காய்ந்த நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதால் சமையலறையை ஒட்டிய இடமும் ஆகாது. இருட்டில் திடீரென மிரண்டு கூண்டுக்குள் படபடத்து அடிபடுவது காக்டெயிலிடம் அதிகம் காணப்படும் சிக்கல். இரவில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் அது தணியும்.

இறகு வெட்டுவதா வேண்டாமா என்பது அடுத்த வழக்கு. மின்விசிறி சுழலும் வீடுகளில் வெட்டச் சொல்பவர்களின் கவலை நியாயமானதே. எனினும் வெட்டப்பட்ட பறவை பயந்து பாயும்போது தரையில் மோதி மார்பெலும்பில் காயப்படும். உதிர்ந்து முளைக்கும் பருவத்தில் இறகுகள் திரும்ப வந்துவிடுவதால், பறக்காது என்று நம்பி மாடிக்குக் கொண்டுபோன பறவை காற்றோடு போய்விடவும் கூடும். விசிறியை நிறுத்தி, சன்னலை மூடிவிட்டுக் கூண்டைத் திறப்பது இதைவிட எளிது.

உணவில் மட்டும் நான் பழைமைவாதி. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், விதைகளில் பொதுவாகச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏ சத்தும் குறைவு. ஆகவே பெல்லட் எனப்படும் உருண்டைத் தீவனமும் கொத்தமல்லி, முருங்கைக்கீரை போன்ற தழைகளும் மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் விதையையே உண்டு வளர்ந்த பறவை, பெல்லட்டை உணவென்றே அடையாளம் காணாமல், நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே பட்டினி கிடக்கும். முந்தைய வீட்டில் என்ன கொடுத்தார்களோ அதையே முதலில் தொடர்ந்து, பறவை தேறிய பின்னர் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இதற்கு அவசியம். வளர்ந்த காக்டெயில் பெரும்பாலும் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், மாற்றத்தை அப்படியே நிறுத்திப் பழைய விதைக்குத் திரும்பி, அன்றைக்கே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.