கெபாசிட்டர், பேட்டரி, அடுத்து ஆல்டர்னேட்டர்: கார் ஆடியோ போடுபவர்கள் கவனத்துக்கு

காரில் பெரிய சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிய பிறகு, பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறதா? கடைக்காரர் அடுத்த பொருளை நீட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரையே தொடாமல் "இதைப் போட்டா சரியாயிடும் சார்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நான் கிளம்புவதற்குள் ஒரு கெபாசிட்டரையும் ஒரு பேட்டரியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே வரிசையில் செய்கிற கடைகள் நிறைய இருப்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

முதல் பொய் பெட்டியின் மேலேயே இருந்தது. 2000 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ். மொத்தம் 60 ஆம்பியர். வண்டி ஓடும்போது வோல்டேஜ் 14 என்று வைத்தால் உள்ளே போகக்கூடியதே 840 வாட்ஸ். கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர் என்பதால் சுமார் 80 சதவீதம் வெளியே வரும். மீதி சூடாகப் போய்விடும். ஆக, தொடர்ந்து கிடைப்பது 670 வாட்ஸ் அளவுதான். 2000 என்பது ஸ்டிக்கரில் மட்டும். எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் அட்டையைப் பார்க்காமல் ஃபியூஸைப் பாருங்கள். தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைக் காட்டும் ஆர்எம்எஸ் எண்ணையும் கேளுங்கள், 'மேக்ஸ்' எண்ணைக் காதிலேயே போட்டுக்கொள்ள வேண்டாம்.

மாட்டிய அன்று சத்தம் நன்றாகவே இருந்தது. ராத்திரி ஓட்டும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு அடிக்கும் டாஷ்போர்டு விளக்கு கண்சிமிட்டியது. சத்தத்தைக் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்து சப்வூஃபர் மௌனமாகிவிடும். திரும்பப் போனதும் கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "வாட்ஸ் அதிகம் சார், அதான் கரண்ட் பத்தல. ஒரு ஃபாரட் கெபாசிட்டர் போட்டுடலாம்" என்றார். கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தருகிற, நீலமாக எண் காட்டுகிற, பார்க்க அழகான உருளை. டிக்கியில் ஜம்மென்று உட்கார்ந்தது.

அந்த உருளைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பின்னால் கணக்குப் போட்டேன். 1 ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். என் ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் வினாடிக்கு 800 ஜூல் தின்னும். ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் தாங்கும், அவ்வளவுதான். காலியானதும் அது நிரம்ப வேண்டிய கரண்டும் அதே ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வர வேண்டும். கெபாசிட்டர் கரண்டை உற்பத்தி செய்யாது என்பதை அந்தக் கடையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

விளக்கு மங்குவது நிற்காததால் அடுத்து டிக்கியில் இரண்டாவது பேட்டரி. இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு அது உதவும். ஓடும் வண்டியிலோ அதுவும் சார்ஜ் ஆக வேண்டிய இன்னொரு சுமை. அதைவிட மோசம், அவர்கள் வைத்தது சாதாரணத் தண்ணீர் பேட்டரி. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். வெளியே போகக் குழாய் இல்லாமல் அதை டிக்கிக்குள் வைக்கவே கூடாது. உள்ளே வைப்பதானால் ஏஜிஎம் மாதிரி சீல் செய்த பேட்டரி வேண்டும், அதுவும் ஆடாமல் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். எனக்கு வைத்ததை ஒரு ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள்!

அதுவும் பலிக்காமல், "ஹை அவுட்புட் ஆல்டர்னேட்டர் ஒண்ணுதான் சார் பாக்கி" என்றபோது வேறு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வயதானவர், ஆடியோ வேலையே செய்யாதவர். "முதல்ல அளந்து பாப்போம் தம்பி" என்று இன்ஜினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஒலிக்கச் செய்தார். பாட்டு வைத்தால் எண் ஆடிக்கொண்டே இருக்குமாம், டோன் என்றால் நிற்கும். முன்னால் பேட்டரி முனைகளில் 13.6 வோல்ட். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் முனைகளில் 11.4.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இரண்டு இடத்திலும் சேர்ந்து விழுந்தால் ஆல்டர்னேட்டரோ பேட்டரியோ போதவில்லை என்று பேசலாம். முன்னால் நன்றாக இருந்து பின்னால் மட்டும் விழுந்தால் நடுவழியில் எங்கேயோ ஓட்டை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த்திலும் (கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புகிற முனை) இன்னொன்றை, நீட்டிய ஒயர் வழியாக, பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். 0.1, மிஞ்சிப்போனால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.1 காட்டியது.

எர்த் போல்ட்டைக் கழற்றினார். ரிங் டெர்மினலுக்கு அடியில் பாடி பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. வாஷரின் பல் பட்ட இடத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கீறல். அறுபது ஆம்பியரும் அந்தக் கீறல் வழியாகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. டெர்மினல் சூட்டில் பழுப்பேறி, அதை ஒட்டிய பிளாஸ்டிக் உறை சுருங்கிப்போயிருந்தது.

அடுத்து பாசிட்டிவ் ஒயர். மேலே '4 கேஜ்' என்று அச்சடித்திருந்தது. கேஜ் என்பது ஒயரின் பருமன் அளவு, எண் கூடினால் பருமன் குறையும். விரல் பருமன் இருந்தது. வெட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் உறைதான். 4 கேஜுக்கு 21 சதுர மில்லிமீட்டர் உலோகம் இருக்க வேண்டும். இதில் 8 கேஜ் அளவுகூடத் தேறுமா என்பது சந்தேகம். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினார். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சிசிஏ ஒயர். அதே பருமன் செம்பைவிட இதில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒரு எச்சரிக்கை: வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டினால் உள்ளே செம்பு தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது ஃபியூஸ்தான். பேட்டரி பக்கத்தில் இருந்த ஹோல்டரில் 150 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஒயருக்கு 50 ஆம்பியரே அதிகம். அந்த ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான், ஆம்ப்ளிஃபயருக்கு அதனுடையது தனியாக இருக்கிறது. ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், 150 போவதற்குள் ஒயர் பற்றிக்கொள்ளும். பானட்டிலிருந்து உள்ளே வரும் துளையில் ஒயரை உரசாமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட்டும் இல்லை. தகரத்தின் வெட்டு முனையிலேயே ஒயர் உரசிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்தால் பரவாயில்லை, வண்டிக்குள் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர் செய்தது இவ்வளவுதான். முழுச் செம்பில் நிஜமான 4 கேஜ் ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 100 ஆம்பியர் ஃபியூஸ், துளைக்குக் கிராமெட். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்கி, மேலே துரு பிடிக்காமல் பூச்சு. எர்த் ஒயரும் அதே பருமன், நீளம் மட்டும் குட்டை. கூடவே ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகிற மூன்று ஒயர்களுக்கும் துணையாகப் பருமனான ஒயர் போட்டார். கெபாசிட்டரும் இரண்டாவது பேட்டரியும் வெளியே வந்தன. அதே டோனுக்கு இப்போது முன்னால் 13.7, பின்னால் 13.3. சிவப்பு விளக்கு எரிவதில்லை. ஏசி போட்டு சிக்னலில் நின்றுகொண்டு முழுச் சத்தம் வைத்தால் மட்டும் லேசாக மங்கும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழுக் கரண்டைத் தராது, அதற்கு நான் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய சிஸ்டம் போடுபவர்களுக்கு நிஜமாகவே பெரிய ஆல்டர்னேட்டர் தேவைப்படலாம். ஆனால் அதை ஸ்டிக்கர் வாட்ஸ் சொல்லக்கூடாது, மீட்டர் சொல்ல வேண்டும்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் சின்னதாகக் கரண்ட் சென்சார் இருந்தால், ஆம்ப்ளிஃபயர் எர்த்தை நேராக அந்த முனையிலேயே மாட்டவிடாதீர்கள். சென்சாரைத் தாண்டிப் பாடியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் சார்ஜிங் கணக்கு தப்பும்.

பழைய ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வெளி ஆள் கை வச்சுட்டா வாரண்டி கிடையாது சார்" என்றார்கள். பில்லில் 'ஒயரிங் கிட்' என்று ஒரே வரி. கேஜும் இல்லை, செம்பு என்ற சொல்லும் இல்லை. அதனால் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. நீங்கள் போடும்போது முழுச் செம்பு, இத்தனை சதுர மில்லிமீட்டர், இத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் ஒயரை நீங்களே வேறு இடத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், மாட்டும் கூலியை மட்டும் கொடுத்தால் போதும்.