பழைய புகைப்பட மென்பொருள் திறக்க மறுத்தால்: எந்த வழி எதைக் காப்பாற்றும்?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, திருகோணமலையின் கரையோர வீடுகள் பலவற்றில் இருந்த கல்யாண அல்பங்களும் குடும்பப் படங்களும் மிஞ்சவில்லை. பிறகு கொழும்பிலும் கனடாவிலும் இருந்த உறவினரிடம் எஞ்சியிருந்த பிரதிகளை வாங்கி, ஸ்கான் செய்து, கணினியில் அடுக்கி, இன்னார் இன்னார் என்று பெயர் குறித்து வைத்த குடும்பங்கள் உப்புவெளியிலும் உண்டு, மூதூரிலும் உண்டு. அந்த வேலைக்குப் பலர் நம்பியிருந்த மென்பொருள் பிக்காசா. அது இலவசமாகக் கிடைத்தது; குறைந்த நினைவகமுள்ள கணினியிலும் விரைவாக ஓடியது; 2009இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து ஒரே ஆளின் முகங்களைத் தானே திரட்டி வைத்துப் பெயர் கேட்டது. கூகிள் நிறுவனம் அதன் ஆதரவை 2016 மார்ச்சில் நிறுத்திய பிறகும், ஏற்கெனவே நிறுவியிருந்த 3.9 பதிப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதனால் மாற்று ஏற்பாட்டைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்து, வீடுகளிலும் ஸ்ரூடியோக்களிலும் கணினி மாற்ற வேண்டிய நிலை வந்திருக்கும் இப்போதுதான் பிரச்சினை கண்ணில் படுகிறது.

மென்பொருள் நின்றுபோனாலும் படங்கள் எங்கும் போய்விடுவதில்லை. அவை தத்தம் கோப்புறைகளில் இருந்தபடியே இருக்கும். ஆபத்தில் இருப்பவை, படத்தைப் பற்றி நாம் எழுதி வைத்தவை: முகத்துக்கு இட்ட பெயர், படத்தின் கீழ் எழுதிய குறிப்பு, நட்சத்திரமிட்டுத் தெரிந்தெடுத்த தெரிவு, நிறம் சரிசெய்த திருத்தம். பெயர் சொல்லக்கூடிய பெரியவர் இன்று உயிரோடு இல்லையென்றால், அந்தப் பெயரை எந்தப் புதிய மென்பொருளாலும் திரும்பத் தரமுடியாது. ஆகவே இங்கே ஒவ்வொரு வழியையும் ஓர் அளவுகோலால் மட்டுமே அளந்து பார்க்கிறேன்: நாம் எழுதியவற்றில் எவ்வளவை அது காப்பாற்றும்?

நிற்பதற்கான காரணங்கள்

காரணம் தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவில் முடியலாம். சில மென்பொருள்கள் உரிமத்தை உறுதிப்படுத்தத் தயாரிப்பாளரின் சேவையகத்தை நாடுகின்றன. அது மூடப்பட்டால் பணம் கொடுத்து வாங்கிய வட்டும் பயன்படாது. அடோபி நிறுவனம், போட்டோஷொப் அடங்கிய தன் சிஎஸ்2 தொகுப்புக்கான அந்தச் சேவையகத்தை 2012இன் இறுதியில் மூடியபோது, உரிமம் வைத்திருந்தவர்களுக்காக வேறொரு பதிப்பை வெளியிடவேண்டி வந்தது. சிலவற்றில் ஓர் உறுப்பு மட்டும் செயலிழக்கும்: அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் 6இல் வரைபடப் பகுதி, கூகிள் வரைபடச் சேவையின் விதிகள் மாறியதால் 2018 நவம்பர் 30க்குப் பிறகு இயங்கவில்லை, மற்றப் பகுதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பிள் கணினிகளில் 2019இல் வந்த கற்றலினா இயங்குதளம், பழைய 32 பிற்று மென்பொருள்களை முற்றாகக் கைவிட்டது. அப்பிளின் சொந்தப் புகைப்பட மென்பொருளான அப்பேர்ச்சரும் அதற்கு முந்திய மொஹாவியோடு நின்றது. வின்டோஸ் 11 இன்றும் 32 பிற்று மென்பொருள்களை ஓட்டும். ஆனால் 1990களின் 16 பிற்று நிறுவிகளை ஏற்காது.

இவை எல்லாவற்றையும்விட எளிதில் தீரக்கூடிய காரணம் ஒன்று உண்டு. அதையே பலர் கவனிப்பதில்லை. வின்டோஸில் 2017இன் பிற்பகுதியிலிருந்து, கப்பம் கேட்கும் நச்சுநிரல்களுக்கு எதிரான கோப்புறைப் பாதுகாப்பு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், தனக்கு அறிமுகமில்லாத மென்பொருள் எதையும் படக் கோப்புறைக்குள் எழுத விடாது. அப்போது பழைய மென்பொருள் திறக்கும், படத்தைக் காட்டும், ஆனால் சேமிக்கும்போது கோப்பு இல்லை என்று சம்பந்தமில்லாத ஒரு பிழைச்செய்தியைத் தரும். பாதுகாப்பு அமைப்பில் அந்த மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. புதிய கணினி வாங்க விலை கேட்கப் போகுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பழையதையே எழுப்புவதா, பெட்டிக்குள் வைத்துப் பேணுவதா?

முதல் இரண்டு வழிகளும் பழைய மென்பொருளைக் கைவிடாதவை. ஒன்று, வின்டோஸ் 11இல் அதையே மறுபடி நிறுவி, பழைய வின்டோஸில் ஓடுவதுபோல் நடந்துகொள்ளச் செய்யும் இணக்க முறையில் ஓட்டுவது. நிறுவிக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் பிக்காசா 3.9 பெரும்பாலும் இப்படி எழுந்துவிடும். கூகிள் அதை இப்போது வழங்குவதில்லை என்பதால், யாரோ ஒருவரின் தளத்திலிருந்து இறக்கும் நிறுவியில் வேறு எதுவும் ஒட்டிக்கொண்டு வரலாம். பழைய கணினியின் பதிவிறக்கக் கோப்புறையைத் தேடிப் பார்ப்பதே பாதுகாப்பானது. மைக்ரோசொஃப்டின் பழைய இலவசப் பட மென்பொருளான வின்டோஸ் போட்டோ கலரி அவ்வளவு எளிதாக எழாது. அதற்கு வேண்டிய எஸ்கியூஎல் சேவர் கொம்பக்ற் என்ற துணை உறுப்பு முதலில் இருக்க வேண்டும்.

மற்றது, பழைய இயங்குதளத்தையே முழுதாகப் பேணுவது. பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து ஒரு மூலையில் வைத்திருக்கலாம். ஆனால் உட்துறைமுக வீதியிலோ நிலாவெளியிலோ உப்புக்காற்றில் கணினி வைத்திருப்பவருக்கு, இணைப்பு முனைகள் எவ்வளவு விரைவில் பச்சை பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட மேலானது, வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, உரிமமுள்ள வின்டோஸ் 7ஐ அதில் ஏற்றி, பழைய மென்பொருளை அங்கே ஓட்டுவது. வின்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டதால், அந்த மெய்நிகர் கணினிக்கு இணையத் தொடர்பு கொடுக்கக்கூடாது. இதன் பெரிய அனுகூலம், முழுக் கணினியும் பிரதி எடுத்து வெளி வன்தட்டில் வைக்கக்கூடிய ஒரு சில கோப்புகளாக ஆகிவிடுவது.

எழுதியவற்றைக் காப்பாற்றுவதில் இந்த இரண்டையும் வெல்ல வேறு வழி இல்லை. பெரும்பாலும் பழைய மென்பொருள் மட்டுமே தன் சொந்தக் குறிப்புகளை முழுமையாகப் படிக்கும். ஆனால் இதை நிரந்தர வீடாக நினைப்பது தவறு. அடுத்த இயங்குதளம் வரும்போது அதே இடத்தில் மறுபடி நிற்போம்.

பிக்காசாவின் குறிப்புகள் இருக்கும் இடம்

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பிக்காசா ஒவ்வொரு படக் கோப்புறைக்குள்ளும் பெயருக்கு முன்னால் புள்ளியிட்ட ஒரு மறைந்த கோப்பை வைக்கிறது. அதை நோட்பாட்டில் திறந்தால், படக்கோப்பின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாகவும், அதன் கீழே நட்சத்திரம் உண்டு என்று ஒரு வரியும், முகம் இருக்கும் சட்டத்தின் அளவுகளை எண்ணும் எழுத்துமாகக் குறித்த ஒரு வரியும், செய்த திருத்தங்கள் ஒரு வரியுமாக இருக்கும். முகங்களுக்குரிய பெயர்ப் பட்டியல் பயனர் கணக்குக்குள் வேறொரு கோப்பில் இருக்கிறது. ஜேபெக் படத்தின் கீழ் எழுதிய குறிப்பு மட்டுமே படக்கோப்புக்கு உள்ளேயே பதிவாகிறது.

இதனால் வரும் இழப்பு மிகச் சாதாரணமான ஒரு செயலில் நேர்கிறது. கோப்புறையைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் படங்களையெல்லாம் தெரிந்தெடுத்துப் பென்டிரைவில் பிரதி எடுத்தால் மறைந்த கோப்பு பின்தங்கிவிடும். கோப்புறையை முழுதாகப் பிரதி எடுத்தால் அதுவும் கூடவே வரும். திருத்தங்களும் அப்படித்தான்: சேமி என்று கொடுக்கும்வரை அவை வெறும் கட்டளைகளாகவே இருக்கும், படம் மாறாது. சேமித்த பிறகு திருத்திய படம் கோப்பாகும், மூலப்படம் இன்னொரு மறைந்த கோப்புறைக்குள் போய் இருக்கும்.

முகப் பெயர்களை வெளியே எடுக்க பிக்காசா 3.9இல் வழி உண்டு. கருவிகள் பட்டியலில் பரிசோதனை என்ற உட்பிரிவுக்குள், முகங்களை எக்ஸ்எம்பி பகுதியில் எழுதும் கட்டளை இருக்கிறது. எக்ஸ்எம்பி என்பது படக்கோப்புக்கு உள்ளேயே விவரங்களைத் தாங்கும் பகுதி. வேறு மென்பொருள்களாலும் படிக்கக்கூடியது. முழுச் சேமிப்பையும் ஒருமுறை வெளி வன்தட்டில் பிரதி எடுத்த பின் அந்தக் கட்டளையை ஓடவிட வேண்டும். பழைய மென்பொருளை எழுப்புவதற்கான எல்லாப் பாடும் இந்த ஒரு வேலைக்காகவே தகும் என்பது என் துணிபு.

வின்டோஸ் போட்டோ கலரியை நம்பியவர்கள் இங்கே பாக்கியசாலிகள். அது ஆட்களின் பெயரையும் குறிச்சொல்லையும் தொடக்கத்திலிருந்தே ஜேபெக் கோப்புக்குள் எழுதியது. அதைப் பயன்படுத்தியவர்கள் எழுப்பும் வேலையில் நேரம் செலவிடாமல் நேரே புதியதற்கு மாறலாம்.

டிஜிகாம், டார்க்டேபிள், எக்ஸ்என்வியூ

இலவச மாற்றுகளில் பிக்காசாவின் இடத்தை உண்மையில் நிரப்பக்கூடியது டிஜிகாம். திறந்த மூல மென்பொருள். வின்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்புக்குள் எழுதப்பட்ட முகப் பெயர்களைப் படித்துக் காட்டும், புதிய முகங்களை இணையத்துக்கு அனுப்பாமல் நம் கணினியிலேயே அடையாளம் காணும். தன் தரவுத்தளத்தில் வைப்பவற்றைப் படக்கோப்பிலோ பக்கத்தில் ஒரு துணைக் கோப்பிலோ எழுதும்படி அமைப்பில் சொல்லி வைக்கலாம். முதல் நாளிலேயே அதைச் செய்ய வேண்டும். பிக்காசாவில் சேமிக்காமல் விட்ட திருத்தங்களை அது அறியாது. பிக்காசாவின் சுறுசுறுப்பும் அதில் இல்லை: முதல்முறை படங்களை அலசும்போது பழைய கணினி மணிக்கணக்கில் திணறும், பட்டியல்களும் பொத்தான்களும் புதியவரை மலைக்க வைக்கும். வயதானவர் ஒருவருக்குப் படம் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் எக்ஸ்என்வியூ எம்பி இலகுவானது, தனிப்பட்ட பாவனைக்கு இலவசமும்கூட.

டார்க்டேபிள் வேறு இனம். அது லைட்ரூமுக்கு மாற்று. கமெரா பிடித்ததை மாற்றாமல் பதியும் ரோ கோப்புகளைக் கழுவிப் படமாக எடுப்பதற்கானது. முகப் பெயர் வேலைக்கு அதை நாடவேண்டாம்.

மாதச் சந்தா

லைட்ரூம் 6 வைத்திருந்த ஸ்ரூடியோக்காரருக்கு அடோபியின் சந்தா வழி இயல்பாகவே தோன்றும். அவருடைய பழைய விவரத்தொகுப்பைப் புதிய லைட்ரூம் கிளாசிக் திறந்து மேம்படுத்திக்கொள்ளும். திருத்தம், குறிச்சொல், தரவரிசை எல்லாம் அப்படியே வரும். நமது அளவுகோலின்படி இது முதற்தரம். சந்தா நின்றாலும் தொகுப்பைத் திறந்து பார்க்கலாம், படங்களை ஏற்றுமதி செய்யலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டுமே பூட்டப்படும் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

இடர் டொலரில் இருக்கிறது. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் இருந்த டொலர், சில வாரங்களில் 360 ரூபாய்க்குப் போனது. உழைப்பு ரூபாயிலும் சந்தா டொலரிலும் இருப்பவருக்கு அது ஏறத்தாழ இரட்டை விலை. விதிகளும் மாறுகின்றன: பலர் நம்பியிருந்த 20 ஜிகாபைட் புகைப்படத் திட்டம் 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. மாதந்தோறும் கல்யாண வேலை வரும் ஸ்ரூடியோவுக்குச் சந்தா கட்டுப்படியாகலாம். வீட்டுப் படங்களுக்கு அது தேவையில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

கூகிள் போட்டோஸ்

எல்லாவற்றையும் கூகிள் போட்டோஸ் என்ற இணையச் சேமிப்பில், அதாவது மேகத்தில், ஏற்றிவிடலாமே என்பது அடிக்கடி கேட்கும் ஆலோசனை. வன்தட்டு பழுதானாலும் படம் தப்பும் என்பது பெரிய நன்மைதான். ஆனால் வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் 1உடன் முடிந்தது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிகாபைட்டே இலவசம். வினாடிக்கு 5 மெகாபிற் வேகத்தில் மேலேற்றினால் 100 ஜிகாபைட் படங்கள் ஏற இடைவிடாமல் ஏறத்தாழ 44 மணிநேரம் எடுக்கும். பிக்காசாவின் மறைந்த கோப்பை அது படிக்காது. அங்கே எழுதும் விவரிப்புகளும், பின்னாளில் முழுவதையும் இறக்கும்போது படத்துக்குள் வராமல் தனிக் கோப்புகளாக வருகின்றன. இரண்டாம் பிரதிக்கு நல்ல இடம். ஒரே பிரதிக்கு அல்ல.

குடும்பச் சேமிப்புக்கு என் தெரிவு இதனால் தெளிவாகிறது: பழையதை மெய்நிகர் கணினியிலோ இணக்க முறையிலோ ஒருமுறை எழுப்பி, பெயர்களையும் திருத்தங்களையும் கோப்புகளுக்குள் எழுதவைத்து, டிஜிகாமுக்கு மாறுவது.

ஸ்ரூடியோக்களுக்கு இன்னொரு சிக்கல்

இங்குள்ள ஸ்ரூடியோக்களில் பூப்புனித நீராட்டு விழா அல்பத்துக்கும் கும்பவிழாப் பதாகைக்கும் எழுத்து வைத்தது பழைய போட்டோஷொப்பில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவால். அந்தப் பதிப்புகளில் யூனிகோட் தமிழ் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதால் வேறு வழியும் இருக்கவில்லை. பாமினி இல்லாத புதிய கணினியில் அதே கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றினால், அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். புதிய போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தெரிந்தால் யூனிகோட் தமிழ் சரியாக வரும்; இலவசப் படத்திருத்தியான ஜிம்பும் அதைச் சரியாகக் காட்டும், ஆனால் போட்டோஷொப்பின் பழைய பிஎஸ்டி கோப்பின் எழுத்து அடுக்குகளைப் பொதுவாக வெறும் படமாகவே திறக்கும். உலாவியில் ஓடும் போட்டோபீ அந்த அடுக்குகளைத் திருத்தக்கூடிய எழுத்தாகவே வைத்திருக்கும். நம் எழுத்துருக் கோப்பையும் அதற்குள் ஏற்றலாம். இடைப்பட்ட காலத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். பழைய கணினியை அணைக்குமுன், பாமினி எழுத்துருக் கோப்பைப் பிஎஸ்டி கோப்புகளோடு ஒரே கோப்புறையில் போட்டு, ஒவ்வொரு வடிவமைப்புக்கும் அடுக்குகளை ஒன்றாக்கிய ஒரு டிஃப் வகைப் படப் பிரதியையும் எடுத்து வைக்க வேண்டும். திரும்பப் பயன்படுத்தும் வாசகங்களை மட்டும் எழுத்துருமாற்றி ஒன்றில் இட்டு யூனிகோட்டாக்கினால் போதும்.